கல்லூரிச் சுருதி

கல்லூரியில் ஆறு மாதம் பாட்டுப் படித்தவன் நான். ஆகவே பாட்டைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். தையல் மெஷினைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் ரிப்பேர் செய்கிறேன். நூல் ஏன் அறுகிறது, ஊசி ஏன் ஒடிகிறது என்பதையெல்லாம் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். காது நல்ல காதுதான். கல்லூரியில் அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

நான் பாட்டுப் படிக்கப் போனது ஆசைக்காக அல்ல. என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டி நேரம் சொல்வது அவள் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் யாருக்கோ பத்தரை மணி வண்டியின் மேடை நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கேட்டவர் ஜன்னலைத் தட்டி, "தூங்கறியாம்மா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவள் தூங்கவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை விழுந்திருந்தது, வலது கால் இழுத்தது. வாயில் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. 'அதான்.' சாப்பிட்டாயா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். நாளெல்லாம் ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னவள். எங்கள் வீட்டில் அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான். அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதுவல்ல தான் சொல்ல வந்தது என்று அவளே தலையை ஆட்டிக்கொண்டு அழுவாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருநாள் என்னிடம், "இவங்க அடிக்கடி பாடற பாட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டி நேரங்களை மனப்பாடம் செய்வதற்காக அவளே கட்டிய பாட்டு. நான் வெட்கத்தோடு முதல் வரியை முனகினேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, கட்டைக் குரலில், ஒரு எழுத்து பிசகாமல் முழுவதும் பாடினாள்.

ஆறு மணி பஸ்ஸு ஆறாம் மேடை,
ஓடி வா ஓடி வா விட்டாப் போச்சு.
ஏழு மணி பஸ்ஸு ஏழாம் மேடை,
ஏறி உக்காந்தா ஊரு வந்தாச்சு.

நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

"மூளையில பேச்சு ஒரு பக்கம் இருக்கு, பாட்டு இன்னொரு பக்கம் இருக்கு. பேச்சு இருக்கிற பக்கம்தான் அடிபட்டிருக்கு," என்றார் டாக்டரம்மா. "பசிக்குது, கால் வலிக்குது, இந்த மாதிரி தினப்படி வார்த்தையை எல்லாம் அதே மெட்டுல போட்டு நீங்க பாடணும். அவங்க கூடவே பாடணும். அப்படியே மெல்ல மெல்ல பேச்சாயிடும். ஆனா ஒண்ணு, உங்களுக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது. அவங்க வந்து பிடிக்கறதுக்குள்ள நீங்க நாலு இடம் மாறிடறீங்க. அவங்க குரல் வேற இப்ப இறங்கிப் போயிருக்கு. எங்கயாவது கொஞ்சம் கத்துக்கிட்டு வாங்க. முதல் ஆறு மாசத்துலதான் நிறைய திரும்பி வரும். அதை மட்டும் விட்டுடாதீங்க."

ஆறு மாதம். கல்லூரியில் மாலை நேரப் பாட்டு வகுப்பும் ஆறு மாதம்தான் என்று யாரோ சொன்னார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

சேர்க்கை ஜன்னலில் தலைமை எழுத்தர் இருந்தார். முகத்தைத் தூக்காமலே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி பாடியிருக்கீங்களா?"

"குளிக்கும்போது எப்பவாவது."

"அப்ப கீழ்நிலை வகுப்பு கிடையாது. அது வாயே திறக்காதவங்களுக்கு. நல்லா பாடுவீங்களா?"

"இல்லீங்க. வராது. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அப்ப மேல்நிலையும் கிடையாது. பாடுவீங்க, ஆனா வராது. அதுதான் இடைநிலை." முத்திரையைக் குத்தினார். எந்த ஜன்னலிலும் இதுவரை யாரும் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு உறுதிமொழிப் படிவம் நீட்டினார். பயிற்சி முடியும் வரை கல்லூரிக்கு வெளியே பாட மாட்டேன் என்று இருந்தது. தப்பாகப் பாடிப் பழகிவிட்டால் பிறகு திருத்த முடியாதாம்; கல்லூரிக்குத்தான் கெட்ட பெயராம்.

"வீட்லயும் பாடக் கூடாதா சார்?"

"வீடு எங்க இருக்கு? கல்லூரிக்கு உள்ளயா, வெளியயா?"

கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பு பதினாலாம் அறையில். நாங்கள் பதினொரு பேர். விரிவுரையாளர் எந்நேரமும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். அதனால் அவருக்கு அதுவே பெயர். தொண்டைக்குக் காற்றுப் படக்கூடாது என்பதால் கிசுகிசுவென்றுதான் பேசுவார். கடைசியாக அவர் வாய்விட்டுப் பாடியது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வேலைக்கான நேர்முகத் தேர்வில். "தேர்வு ஆயிட்டேன். அதுக்கப்புறம் அவசியம் வரலை," என்று அவரே சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

முதல் அலகு, பாடும் அறையின் பராமரிப்பு. நாற்காலிகளை வரிசைப்படுத்த மூன்று வாரம் கற்றோம். இரண்டாம் அலகு, நிற்றல். இரண்டு பாதத்துக்கும் நடுவில் அரை அடி இடைவெளி. மஃப்ளர் அடிக்குச்சியால் குனிந்து அளப்பார். மூன்றாம் அலகு, வாய் திறத்தல். அதற்கென்று மரத்தில் செய்த அளவுகட்டை ஒன்று இருந்தது. பதினொரு பேர் வாயிலும் அதே கட்டை. ஒரு மெக்கானிக்காக எனக்கு அந்தக் கட்டையின் மேல் மரியாதை வந்தது, கணக்காகச் செதுக்கியிருந்தார்கள். ஆனால் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

"எப்ப சார் பாட ஆரம்பிப்போம்?" என்று கேட்டேன்.

"அவசரப்படறவங்களுக்குக் குரல் வராது," என்றார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரர். முழங்கை வரை மாவோடு வருவார். இதே வகுப்பில் நாலாவது தடவையாக உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என் காதருகில் வந்து சொன்னார்: "பாடணும்னு ஆசை இருந்தா வெளிய காட்டிக்காதீங்க. மார்க்கைக் குறைச்சுடுவாங்க. எனக்கு மூணு வருஷமா அதுலதான் போச்சு."

நாலாம் அலகுதான் கல்லூரிச் சுருதி. வாரத்துக்கு ஒருமுறை முதல்வர் அறையிலிருந்து வெல்வெட் பெட்டியில் ஒரு இரும்புக் கவை வரும். தட்டினால் ஒரே ஒரு சத்தம் தருகிற கவை. உதவியாளர் அதை மேசையில் ஒருமுறை தட்டுவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போய்விடுவார். அந்தச் சத்தத்தைத்தான் அடுத்த வாரம் வரை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். கல்லூரியின் முதல் முதல்வருடைய குரலுக்கு ஏற்றபடி செய்தது அது. அவர் இறந்து நாற்பது வருடமாகிறது. அவருக்கு ரொம்ப மெல்லிய, உச்சக் குரலாம். அவர் விருப்பப்படி அதையே கல்லூரியின் சுருதியாகத் தீர்மானம் போட்டு நிறைவேற்றிவிட்டார்கள்.

"எனக்கு அவ்வளவு மேல எட்டாது சார். எனக்கு வேண்டியதும் கீழ்ச் சுருதிதான். வீட்ல ஒரு நோயாளி..."

"உங்களுக்கு எட்டற சுருதியில பாடறதுக்குக் கல்லூரி எதுக்குங்க? அதைத் தெருவிலயே பாடிக்கலாமே," என்றார் மஃப்ளர். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பாடவில்லை. பதினைந்தாம் அறை வணிகத் துறையின் தேர்வுக்கூடம். அங்கே தேர்வு இல்லாத நாளே கிடையாது. துணைத் தேர்வு, மறுதேர்வு, மறுதேர்வில் விட்டவர்களுக்குத் துணைத் தேர்வு. அவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் எங்களுக்கு மௌனப் பயிற்சி. சுருதியை மனதில் பிடித்து, வாயைக் கட்டையின் அளவுக்குத் திறந்து, சத்தம் மட்டும் வெளியே வராமல் பாட வேண்டும். மஃப்ளர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்து, "நீங்க கொஞ்சம் இறங்கிட்டீங்க," என்பார். எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் அவள் காத்திருப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டில் விளிம்பில் இடது கையால் தாளம் தட்ட ஆரம்பித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, தட்டிக்கொண்டே என் வாயைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை அளவாகத் திறந்து, சத்தமில்லாமல் பயிற்சி செய்வேன். மீன் மாதிரி. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

என் மச்சினி துணிக்கடையில் வேலை செய்கிறவள். வேலை முடிந்ததும் அக்காவைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"மாமா, ஒரே ஒரு தடவை பாடுங்களேன். அக்கா உங்க வாயையே பாத்துட்டு இருக்கா."

"எழுதிக் கொடுத்திருக்கேன்மா."

"இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அதுக்கில்லம்மா. நான் தப்பாப் பாடினா உங்க அக்காவுக்கும் தப்பாத்தானே வரும்? இன்னும் கொஞ்ச நாள்தான். ஒழுங்காக் கத்துக்கிட்டு ஒரேயடியாச் செய்யலாம்."

"தப்பாவாவது வரட்டுமே மாமா."

அவள் சொன்னதுதான் சரி. இன்றைக்கு நன்றாகத் தெரிகிறது. அன்றைக்குக் கல்லூரி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எட்டாவதோடு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தவன் நான். அந்த மாதிரி ஆட்களுக்குக் கல்லூரித் தூண்களைப் பார்த்தாலே முதுகு தானாக வளைந்துவிடும். அவ்வளவு உயரத் தூண் வைத்திருக்கிறவர்கள் தப்பாகவா சொல்வார்கள்?

பாடத்திட்டத்தில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. தேர்வில் மாணவர் தம் விருப்பப் பாடல் ஒன்றைப் பாடலாம். நான் பஸ் பாட்டை எழுதிக் கொடுத்தேன். தேர்வுக்குத் தயார் செய்கிற சாக்கில் அதையாவது முறைப்படி கற்றுக்கொள்ளலாமே என்ற நப்பாசை. அது பாடல் ஒப்புதல் குழுவுக்குப் போயிற்று. குழுவில் மூன்று பேர்: மொழிப் பேராசிரியர், சட்டப் பேராசிரியர், விளையாட்டு இயக்குநர். ஐந்து வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஆறு மணின்னா காலையா, மாலையா?" என்றார் சட்டம்.

"காலைங்க."

"பாட்டுல அது இல்லையே. யாராவது சாயங்காலம் போய் நின்னா யார் பொறுப்பு? ஆறாம் மேடைன்னு வேற சொல்றீங்க. நாளைக்கு மேடையை மாத்தினா?"

"பஸ்ஸுங்கறது நம்ம மொழியில்லை," என்றார் மொழி. "அதோட விட்டாப் போச்சுங்கறதுல ஒரு நம்பிக்கையின்மை தொனிக்குது. மாணவர்கள் மனசுல அது விதையாகும்."

விளையாட்டு இயக்குநர் அதுவரை ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடி வா ஓடி வான்னு ரெண்டு தடவை வருதே," என்றார். "பேருந்து நிலையத்துல ஓடலாமா? விழுந்தா?"

"இதை எழுதினவர் யார்? அனுமதிக் கடிதம் வேணும்," என்றார் சட்டம்.

"என் மனைவிங்க. அவளால எழுத முடியாது, பேசவும் முடியாது. பாட்டுல மட்டும்தான் வார்த்தை வரும். அதுக்காகத்தான் நான் இங்க..."

"வருத்தமான விஷயம்," என்றார் மொழிப் பேராசிரியர். "அதை ஒரு இணைப்பாக் கொடுத்துடுங்க."

இன்னும் நாலு வாரம் கழித்து, முத்திரையோடு ஒப்புதல் வந்தது.

காலை ஆறு மணிப் பேருந்து ஆறாம் நடைமேடை (மாறுதலுக்கு உட்பட்டது),
நிதானமாய் வருக, நிதானமாய் வருக, அடுத்ததும் உண்டு.
காலை ஏழு மணிப் பேருந்து ஏழாம் நடைமேடை (மேற்படி),
ஏறி அமர்ந்தால் உரிய நேரத்தில் ஊரை அடையலாம்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் பாட வேண்டும் என்று மஃப்ளர் சொன்னார்.

தேர்வுக்கு முந்தின வாரம் முதல்வர் எங்களுக்கு உரையாற்றினார். "நாற்பது வருஷமா இந்தக் கல்லூரியில பாட்டு வகுப்பு நடக்குது. இதுவரைக்கும் பக்கத்து அறையில இருந்து ஒரு புகார் வந்ததில்லை. இதை நான் பெருமையோட சொல்லிக்கறேன். போன வருஷம் தர ஆய்வுக் குழு வந்தாங்க. பதினாலாம் அறை வாசல்ல பத்து நிமிஷம் நின்னாங்க. 'இது நூலகம்தானே?'ன்னு கேட்டாங்க. எனக்குக் கண் கலங்கிடுச்சு. பாட்டுங்கறது ஒரு ஒழுக்கம். ஒழுக்கம் வந்தாச்சுன்னா பாட்டு தேவையே இல்லை. தேவையில்லாத இடத்துல பாடறவன்தான் கலைஞன்னு ஒரு கருத்து வெளியில பரவியிருக்கு. அதை நீங்கதான் முறியடிக்கணும்."

நாங்கள் சத்தமில்லாமல் கை தட்டினோம். அதற்கும் பயிற்சி இருந்தது.

தேர்வன்றைக்கு, டாக்டரம்மா சொன்ன ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மச்சினிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. என் மனைவியைத் தனியாக விட முடியாது என்பதால் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலர் பேரேட்டில் 'பார்வையாளர்' என்று எழுதிக்கொண்டு, பதினாலாம் அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைக்க அனுமதித்தார். நல்ல வெயில் நேரம். "கொஞ்ச நேரம்தான், வந்துடறேன்," என்றேன். "அதான்," என்றாள்.

உள்ளே முதல்வர், மஃப்ளர், வெளியூரிலிருந்து வந்த பரீட்சையாளர் ஒருவர். தலைமை எழுத்தர் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒருநாள்தான் சத்தமாகப் பாடலாம். முதலில் பேக்கரிக்காரர். நின்றார், பாதங்களுக்கு நடுவில் சரியாக அரை அடி. வாயைத் திறந்தார்; சரியான அளவு. சத்தம் வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது, கழுத்து சிவந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. நாலு வருடம் அடக்கி வைத்த தொண்டை கூப்பிட்டால் வரவில்லை. மூன்று பேரும் கலந்து பேசி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தார்கள். அவர் என்னைக் கடந்து போகும்போது முகத்தைக் காட்டவில்லை.

அடுத்தது நான். கவையைத் தட்டினார்கள். அந்த உச்சத்தைப் பிடிக்கக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. "காலை ஆறு மணிப் பேருந்து," என்று தொடங்கினேன். எண்ணெய் விடாத மெஷின் கிறீச்சிடுகிற மாதிரி இருந்தது. மஃப்ளர் தலையாட்டி ரசித்தார். அடைப்புக்குறிக்குள் நுழைந்து 'மாறுதலுக்கு' வரை வந்திருப்பேன்.

வெளியிலிருந்து கேட்டது. "ஆறு மணி பஸ்ஸு ஆறாம் மேடை."

அவள் குரல். கட்டைக் குரல், நிதானமான குரல். பெஞ்சில் தாளம் தட்டுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. "ஓடி வா ஓடி வா விட்டாப் போச்சு." ஐந்தரை மாதமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. கேட்க விடாமல் செய்தது நான்தான். என் குதிகால் தானாகக் கீழே இறங்கியது. என் குரலும் இறங்கியது. எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பாடிய இடத்தில் நானும் நின்றேன், அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நாலு வரியையும் பாடி முடித்தோம். அதன் பிறகு அவள் நிற்கவில்லை. அதே மெட்டில், பாட்டில் இல்லாத ஒரு வரி வந்தது.

"தண்ணி வேணும் தண்ணி வேணும், தொண்ட காஞ்சாச்சு."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தாகம் என்று கேட்டாள். கேட்டுவிட்டாள். கதவுக்கு ஓடினேன்.

"தேர்வு நடுவுல வெளிய போகக் கூடாது," என்று எழுத்தர் குறுக்கே வந்தார். அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். தாழ்வாரத்தில் காவலர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்," என்று அவள் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். பதினைந்தாம் அறையிலிருந்து கண்காணிப்பாளர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அதேபோல விரல் வைத்து நின்றார்கள். என் பின்னாலேயே வந்த முதல்வரும் விரல் வைத்தார். அவள் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். வாய் இன்னும் திறந்தேதான் இருந்தது. இன்னொரு முறை "தண்ணி" என்று ஆரம்பித்தாள். எல்லோருமாகச் சேர்ந்து, "உஷ்ஷ்," என்றார்கள்.

விசாரணை அப்போதே முதல்வர் அறையில் நடந்தது. தேர்வில் வெளியாள் உதவி, ஒப்புதல் பெறாத வரிகளை ஊட்டுதல், பக்கத்து அறைக்கு இடையூறு. மூன்று குற்றம். மேசை மேல் ஒரு கூஜாவில் தண்ணீர் இருந்தது. நான் எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். "விசாரணை முடியட்டும்," என்று எழுத்தர் தம்ளரைத் திரும்ப வாங்கி வைத்தார். அவள் பாதிதான் குடித்திருந்தாள்.

"பாடினது நீங்கதானா?" என்று முதல்வர் கேட்டார்.

"அதான்," என்றாள்.

"ஒப்புக்கொண்டார்னு எழுதுங்க. யார் பாடச் சொன்னது? உங்க வீட்டுக்காரரா?"

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே, "அதான், அதான்," என்றாள்.

"ரெண்டு தடவை ஒப்புக்கொண்டார்."

"சார், அவளால பேச முடியாது," என்றேன். "அந்த ஒரு வார்த்தைதான் வரும். பாடினாத்தான் மத்தது வரும். பாடியே பதில் சொல்லட்டும் சார், கேளுங்க. இப்ப தண்ணின்னு சொன்னாளே, நீங்களே கேட்டீங்களே."

"தேர்வுக்குச் சம்பந்தமில்லாத வரி. அதையும் குறிச்சிருக்கோம்," என்றார் எழுத்தர்.

"விசாரணையில பாடறதுக்கு விதியில இடமில்லைங்க," என்றார் முதல்வர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா இன்னைக்கு ஒருத்தங்க தண்ணிக்குப் பாடினா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தேவைக்குப் பாட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் பாட்டுத் துறை எதுக்கு?"

மஃப்ளர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னொண்ணும் பதிவு பண்ணிக்கணும். அவங்க கல்லூரிச் சுருதியில பாடலை. ரொம்பக் கீழ. நான் அப்பவே கவனிச்சேன்."

தீர்ப்பு எளிமையானது. என் தேர்வு ரத்து. அடுத்த வருடம் முதல் அலகிலிருந்து சேரலாம். அவள் பாட விரும்பினால் முறைப்படி சேர்ந்து கற்கலாம். ஆனால் ஏற்கெனவே பாடியிருப்பதால் கீழ்நிலைக்குத் தகுதியில்லை. சேர்க்கை ஜன்னலில் தன் பெயரைத் தானே சொல்ல முடியாததால் இடைநிலைக்கும் தகுதியில்லை. அதுவரை பாட மாட்டேன் என்று அவளிடமும் ஒரு உறுதிமொழி. வலது கை வராது என்றேன். இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். எழுத்தர் குனிந்து, காது கேட்காதவர்களிடம் பேசுவது போலச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இனிமே. பாடக். கூடாது. உஷ். புரியுதாம்மா?"

"அதான்," என்றாள்.

'புரிந்துகொண்டார்' என்று எழுதினார். அன்றைக்கு அவர் எழுதியதில் உண்மையானது அது ஒன்றுதான். பேச்சு போனவர்களுக்குப் புரிதல் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள். முகத்தைத் துடைத்துவிட்டு, கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உறுதிமொழியாவது, மண்ணாங்கட்டியாவது. சுருதி என் தொண்டையில் அப்படியே நின்றிருந்தது. அவள் குரலுக்கு எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கட்டில் விளிம்பில் தாளம் தட்டி, "தண்ணி வேணும் தண்ணி வேணும்," என்று அவள் இடத்தில் நின்று பாடினேன். பிசகவில்லை.

அவள் பயந்துபோய் வாசல் பக்கம் பார்த்தாள். இடது கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரலில் மை அழியாத அந்தக் கையின் விரலை என் உதட்டின் மேல் வைத்தாள்.

மறுநாளும் வைத்தாள். அதற்கு அடுத்த நாள் நான் கெஞ்சினேன்; மச்சினி அழுதாள்; டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பாடிப் பார்த்தார். அவர் உதட்டிலும் விரலை வைத்தாள். ஒன்பது நாளும் போயிற்று. இப்போது 'அதான்' கூடச் சொல்வதில்லை. நான் ஆறு மாதம் படித்தேன். அவள் அங்கே ஒரு மணி நேரம்தான் இருந்தாள். கற்றுக்கொண்டது அவள்தான்.